தண்டர்பேர்டு திறக்கவில்லை என்றால் புரொஃபைலை அழிக்கச் சொல்லாதீர்கள்

ஆசிரியருக்கு வணக்கம்.

தங்கள் நாளிதழின் கணினிக் கேள்வி-பதில் பகுதியில், தண்டர்பேர்டு மின்னஞ்சல் மென்பொருள் திடீரென்று திறக்க மறுக்கிறது என்று ஒரு வாசகர் எழுதியிருந்தார். அன்இன்ஸ்டால் செய்து, மிச்சமிருக்கும் ஃபோல்டர்களையும் நீக்கிவிட்டு, புதிதாகப் போடச் சொல்லியிருக்கிறீர்கள். அன்இன்ஸ்டால் செய்வது வீண் வேலை என்றாலும் அதனால் கெடுதல் இல்லை. ஆனால் நீக்கச் சொன்ன அந்த ஃபோல்டருக்குள்தான் அவருடைய மெயில்கள் மொத்தமும் இருக்கின்றன.

புரோகிராம் ஃபைல்ஸ் ஃபோல்டரில் இருப்பது மென்பொருள் மட்டுமே. மெயில்கள், முகவரிப் புத்தகம், கடவுச்சொற்கள், கணக்கு அமைப்புகள் எல்லாம் 'புரொஃபைல்' என்ற தனி ஃபோல்டரில் இருக்கும். அன்இன்ஸ்டால் அதைத் தொடுவதில்லை. திறக்காத கோளாறு பெரும்பாலும் புரொஃபைல் பக்கம் இருப்பதால், மென்பொருளை எத்தனை முறை புதிதாகப் போட்டாலும் அது போய் அதே புரொஃபைலைத் திறந்து அதே இடத்தில்தான் நிற்கும். மெயில்களைக் கணினிக்கு இறக்கிக்கொள்ளும் பாப் முறையில் மெயில் எடுப்பவர்களுக்கு ஆபத்து அதிகம். சர்வரில் 14 நாள் மட்டும் வைத்திரு என்று அமைத்திருந்தால், அதற்கு முந்தைய கடிதங்களுக்கு புரொஃபைலைத் தவிர வேறு பிரதி கிடையாது. மெயில்களைச் சர்வரிலேயே வைத்துப் படிக்கும் ஐமேப் கணக்கில் சர்வரில் இருப்பவை பிழைக்கும். கணினியில் மட்டுமே இருக்கும் 'லோக்கல் ஃபோல்டர்ஸ்' பகுதிக்கு இழுத்துப் போட்டவை போய்விடும். பழைய ஆண்டுகளின் பில்களையும் ஒப்பந்தங்களையும் பலர் வைத்திருப்பது அங்கேதான்.

முதலில் டாஸ்க் மேனேஜரைப் பார்க்க வேண்டும். கன்ட்ரோல், ஷிஃப்ட், எஸ்கேப் மூன்றையும் சேர்த்து அழுத்தினால் வரும். பட்டியலில் தண்டர்பேர்டு இருந்தால் அவசரப்பட்டு 'எண்ட் டாஸ்க்' கொடுக்கக் கூடாது. சிபியு, டிஸ்க் பத்திகளில் எண்கள் மாறிக்கொண்டிருந்தால் உள்ளே ஏதோ எழுதிக்கொண்டிருக்கிறது என்று பொருள். நீக்கிய மெயில்களின் இடத்தை மீட்கும் 'காம்பாக்ட்' வேலையாக இருக்கலாம். பெரிய இன்பாக்ஸ் என்றால் அதற்குச் சில நிமிடம் பிடிக்கும். பாதியில் வெட்டினால் என்எஸ்டிஎம்பி என்ற பெயரில் அரைகுறைக் கோப்பு ஒன்று தங்கிவிடும். எண்கள் அடங்கிய பிறகும் பெயர் போகாவிட்டால் அப்போது எண்ட் டாஸ்க். கையோடு சி டிரைவில் எவ்வளவு இடம் காலி என்றும் பாருங்கள். ஒரு மெயில் ஃபோல்டரைக் காம்பாக்ட் செய்ய ஏறக்குறைய அதே அளவு இடம் தற்காலிகமாகத் தேவை. அது இல்லாத கணினியில் மற்ற எந்த வைத்தியமும் நிலைக்காது.

அடுத்தது பிரதி எடுப்பது. விண்டோஸ் விசையோடு ஆர் விசையை அழுத்தி, வரும் ரன் பெட்டியில் ஆப்டேட்டா என்ற சொல்லை ஆங்கிலத்தில், இடைவெளி இல்லாமல், இரு பக்கமும் சதவீதக் குறி வைத்து (%appdata%) அடித்தால் ரோமிங் ஃபோல்டர் திறக்கும். அதிலுள்ள தண்டர்பேர்டு ஃபோல்டரை அப்படியே வெளி டிஸ்க்கில் நகலெடுத்துவிடுங்கள். தண்டர்பேர்டு மூடியிருக்கும்போது எடுத்த நகலே நம்பத் தகுந்தது. டாஸ்க் மேனேஜரை முதலில் சொன்னதற்கு அதுவும் ஒரு காரணம். உள்ளே புரொஃபைல்ஸ் என்ற ஃபோல்டரில், எட்டு எழுத்துக் கலவையும் புள்ளியும் 'டிஃபால்ட் ரிலீஸ்' என்ற ஒட்டும் கொண்ட பெயரைக் காணலாம். ஒன்றுக்கு மேல் இருந்தால் அளவில் பெரியதுதான் பெரும்பாலும் உங்களுடையது.

இனி, ஐகானை இரட்டைச் சொடுக்கினால் திரையில் என்ன வருகிறது என்பதை வைத்துத்தான் மேலே போக வேண்டும். அந்த ஒரு கேள்வியைக் கேட்காமல் பதில் சொல்லியிருப்பதுதான் என் குறை.

'தண்டர்பேர்டு ஏற்கெனவே ஓடிக்கொண்டிருக்கிறது, ஆனால் பதிலளிக்கவில்லை' என்பது அடிக்கடி வரும் செய்தி. புரொஃபைலுக்குள் பேரன்ட் டாட் லாக் என்று பூஜ்ய அளவில் ஒரு கோப்பு இருக்கும். அதை நீக்கினால் சரியாகிவிடும் என்று பலரும் சொல்வார்கள். விண்டோஸில் அந்தக் கோப்பு இருப்பது மட்டுமே பூட்டு ஆகாது. ஏதாவது ஒரு மென்பொருள் அதைத் திறந்து பிடித்துக்கொண்டிருந்தால்தான் பூட்டு. ஆகவே நீக்கிப் பார்ப்பதை ஒரு சோதனையாகக் கொள்ளலாம். வேறு புரோகிராம் பயன்படுத்துகிறது என்று விண்டோஸ் மறுத்தால் பழைய தண்டர்பேர்டோ பேக்கப் மென்பொருளோ ஆன்டிவைரஸோ அதைப் பிடித்திருக்கிறது. கணினியை ரீஸ்டார்ட் செய்தால் விடுபடும். கோப்பு சுலபமாக நீங்கியும் அதே செய்தி வந்தால் எழுதும் உரிமை இல்லை என்று சந்தேகிக்க வேண்டும். பழைய கணினியின் ஹார்ட் டிஸ்க்கிலிருந்து வந்த புரொஃபைலில் பழைய விண்டோஸ் பயனரின் உரிமைகளே இருக்கலாம். தண்டர்பேர்டால் பூட்டுக் கோப்பை எழுத முடியாமல் போனாலும் காட்டுவது இதே செய்தியைத்தான். ஃபோல்டரின் பிராப்பர்ட்டீஸில் செக்யூரிட்டி பக்கம் போய் இப்போதைய பயனருக்கு 'ஃபுல் கன்ட்ரோல்' கொடுத்தால் திறந்துகொள்ளும்.

டாஸ்க்பாரில் ஐகான் தெரிகிறது, ஜன்னலைக் காணோம் என்றால், கழற்றிவிட்ட இரண்டாவது மானிட்டர் இருந்த பக்கத்தில் ஜன்னல் திறந்திருக்கும். டாஸ்க்பார் ஐகானைச் சொடுக்கிவிட்டு விண்டோஸ் விசை, ஷிஃப்ட், இடது அல்லது வலது அம்பு அழுத்திப் பாருங்கள். வராவிட்டால் தண்டர்பேர்டை மூடி, புரொஃபைலில் உள்ள ஸூல்ஸ்டோர் டாட் ஜேசன் (xulstore.json) கோப்பின் பெயரை மாற்றுங்கள். பத்தி அகலம், ஜன்னல் அளவு போன்றவை மட்டுமே போகும்.

வெள்ளையாகத் திறந்து உறைகிறது, அல்லது திறந்த வேகத்தில் மூடுகிறது என்றால் ஷிஃப்ட் விசையை அழுத்தியபடி ஐகானைச் சொடுக்கி 'டிரபிள்ஷூட் மோட்' வழியே திறக்க வேண்டும். முன்பு சேஃப் மோட் என்று இருந்ததுதான் இது. அதில் திறந்தால் குற்றவாளி நாம் சேர்த்துக்கொண்ட கூடுதல் வசதியான ஆட்-ஆனாக இருக்கலாம், கிராஃபிக்ஸ் டிரைவராக இருக்கலாம். ஆட்-ஆன்களை எல்லாம் நிறுத்திவிட்டு ஒவ்வொன்றாகத் திரும்பச் சேர்க்கலாம். டிரைவர் புதுப்பித்த பிறகு வந்த கோளாறு என்றால் அமைப்புகளில், திரை வரையும் வேலையைக் கிராஃபிக்ஸ் கார்டிடம் விடும் ஹார்ட்வேர் ஆக்ஸிலரேஷன் டிக்கை எடுத்தாலே போதும்.

புரொஃபைல் காணவில்லை அல்லது அணுக முடியவில்லை என்ற செய்திக்கு மெயில் போய்விட்டது என்று பொருள் இல்லை. யாரோ ஃபோல்டரை நகர்த்தியோ பெயர் மாற்றியோ இருக்கிறார்கள், புரொஃபைல்ஸ் டாட் ஐஎன்ஐ கோப்பு பழைய இடத்தையே காட்டிக்கொண்டிருக்கிறது. பழைய இடத்தில் வைத்தால் சரி. முடியாவிட்டால் ரன் பெட்டியில் தண்டர்பேர்டு டாட் எக்ஸ்இ, ஓர் இடைவெளி, சிறு கோடு, பி என்று அடித்தால் புரொஃபைல் மேனேஜர் வரும். புதிய புரொஃபைல் உருவாக்கும்போது 'சூஸ் ஃபோல்டர்' கொடுத்துப் பழைய ஃபோல்டரைக் காட்டலாம். இங்கே விரல் நிதானமாக இருக்க வேண்டும். பட்டியலில் தேவையில்லாத புரொஃபைலை எடுக்கப் போனால் ஒரு பெட்டி வந்து, கோப்புகளையும் நீக்கவா, வேண்டாமா, ரத்து செய்யவா என்று மூன்று பொத்தான்களோடு கேட்கும். 'டோன்ட் டிலீட் ஃபைல்ஸ்' என்பதைத் தவிர வேறெதையும் தொடாதீர்கள். புரொஃபைல் இடமாக டாக்குமென்ட்ஸ் ஃபோல்டரையே காட்டி வைத்திருப்பவர் 'டிலீட் ஃபைல்ஸ்' அழுத்தினால் மெயிலோடு அதிலுள்ள மற்ற கோப்புகளும் போகும்.

பழைய பதிப்பைத் திறக்கிறீர்கள் என்று எச்சரித்து, புதிய புரொஃபைல் உருவாக்கு அல்லது வெளியேறு என்று மட்டும் கேட்பது இன்னொரு வகை. பென் டிரைவில் வைத்திருக்கும் பழைய செட்டப்பைப் போட்டுவிட்டுப் போகும் சர்வீஸ் ஆட்களால் வருவது இது. தங்கள் பதிலின்படி ரீஇன்ஸ்டால் செய்பவர்களுக்கும் வரலாம். புதிய பதிப்பு மாற்றி எழுதிய புரொஃபைலைப் பழைய பதிப்பு கெடுத்துவிடாமலிருக்கத்தான் இந்தத் தடை. புதிய புரொஃபைல் என்று சொடுக்கினால் மெயில் ஒன்றுமில்லாத வெறும் தண்டர்பேர்டு திறக்கும். எல்லாம் அழிந்தது என்று பதறுவது அப்போதுதான். வெளியேறிவிட்டு அதே பதிப்பையோ அதைவிடப் புதியதையோ போட்டால் பழையபடி திறக்கும். விண்டோஸ் 7, 8 கணினிகளுக்கு 115-ஆம் பதிப்பே கடைசி என்பதால், விண்டோஸ் 10-இல் புதிய பதிப்பில் ஓடிய புரொஃபைலை அங்கே கொண்டுபோனாலும் இதுதான் நடக்கும். 32 பிட் இருந்த கணினியில் 64 பிட் போட்டாலும் வேறு ஃபோல்டரில் இன்ஸ்டால் ஆவதால் வெறும் புரொஃபைலோடு திறக்க வாய்ப்புண்டு. புரொஃபைல் மேனேஜரில் பழையதைத் தேர்ந்தால் போதும்.

ஆன்டிவைரஸ் பற்றியும் சொல்லியாக வேண்டும். வழக்கமான அமைப்பில் தண்டர்பேர்டு இன்பாக்ஸ் முழுவதையும் ஒரே கோப்பில் வைக்கிறது. அதிலுள்ள ஒரு மெயிலில் வைரஸ் இணைப்பு இருந்தால் சில ஆன்டிவைரஸ்கள் அந்த முழுக் கோப்பையும் குவாரன்டைனில், அதாவது யாரும் திறக்க முடியாத தனி இடத்தில், போட்டுவிடும். மூட்டைப்பூச்சிக்குப் பயந்து வீட்டைக் கொளுத்திய கதை. பல ஜிபி கோப்பை ஒவ்வொரு முறை திறக்கும்போதும் ஆன்டிவைரஸ் ஸ்கேன் செய்தால் தண்டர்பேர்டு உறைந்ததுபோல் நிற்கும். புரொஃபைல் ஃபோல்டரை ஸ்கேனிலிருந்து விலக்கிவிட்டு, தண்டர்பேர்டின் பிரைவசி அமைப்புகளில், வரும் மெயில்களைத் தனித்தனியாகக் குவாரன்டைன் செய்ய ஆன்டிவைரஸை அனுமதிக்கும் கட்டத்தில் டிக் வைப்பது நல்லது.

ரீஇன்ஸ்டால் சரியான மருந்தாக இருக்கும் சமயமும் உண்டு. 'எக்ஸ்பிகாம் லோட் ஆகவில்லை' என்ற செய்தி வந்தால் மென்பொருளின் கோப்புகளே கெட்டிருக்கின்றன. அப்டேட் பாதியில் நின்றாலும், மென்பொருள் ஓடத் தேவையான ஒரு டிஎல்எல் கோப்பை ஆன்டிவைரஸ் தூக்கிவிட்டாலும் இப்படி ஆகும். அப்போதும் தண்டர்பேர்டின் சொந்தத் தளத்திலிருந்து புதிய செட்டப்பை இறக்கிப் பழையதன் மேலேயே போட்டால் போதும். ஆப்டேட்டா பக்கம் போக வேண்டிய வேலையே இல்லை. அந்த வாசகர் ஃபோல்டரை ஏற்கெனவே நீக்கியிருந்தால், வேறு எதையும் கணினியில் ஏற்றுவதற்கு முன் ரீசைக்கிள் பின்னில் பார்க்கும்படி அடுத்த இதழிலேயே தெரிவியுங்கள்.

இப்படிக்கு,
கணினிப் பராமரிப்பாளர் ஒருவர்,
ஈரோடு