ஆர்எம் கட்டளைக்கு ஏலியஸ் போடாதீர்கள்: சர்வர் நிர்வாகிகளுக்கு ஒரு திறந்த மடல்

பலர் சேர்ந்து பயன்படுத்தும் லினக்ஸ் சர்வர்களைப் பராமரிக்கும் நண்பர்களுக்கு,

வணக்கம். பயனர்கள் கோப்புகளைத் தவறுதலாக அழித்துவிடுகிறார்கள் என்பதற்காக கோப்பை அழிக்கும் ஆர்எம் (rm) கட்டளையை, ஏலியஸ் (ஒரு கட்டளையைத் தட்டினால் வேறொன்றை ஓடவைக்கும் மாற்றுப்பெயர்) மூலம் குப்பைத்தொட்டி அடைவுக்குத் திருப்பிவிடும் வழக்கம் இருக்கிறது. தயவுசெய்து அதைக் கைவிடுங்கள். கையால் கட்டளை தட்டும் ஷெல்லில்தான் ஏலியஸ் செல்லும். ஸ்கிரிப்ட்டுக்குள்ளும் (கட்டளைகளை எழுதிவைத்த கோப்பு), நிர்வாகி உரிமையில் ஓடவைக்கும் சுடோவுக்குப் பின்னும் செல்லாது. அதை நம்பிப் பழகிய கை, ஏலியஸ் இல்லாத சர்வரிலும் அதே வேகத்தில் தட்டும். வேறு பெயரில் தனிக் கட்டளை கொடுங்கள். அந்தப் பெயர் இல்லாத இடத்தில் ஷெல் பிழை காட்டும், கோப்பு பிழைக்கும்.

அந்தத் தனிக் கட்டளைக்கான ஸ்கிரிப்ட்டின் வேலை அழிப்பதல்ல, நகர்த்துவது. ஒரே கோப்பு முறைமைக்குள் நகர்த்தும் கட்டளையான எம்வி பெயரை மட்டுமே மாற்றுவதால் 10 ஜிபி கோப்பும் உடனே போய்விடும். தொட்டி வேறு பார்ட்டிஷனில் (வட்டின் தனிப் பிரிவில்) இருந்தால் முழுவதையும் நகலெடுத்த பிறகே மூலத்தை நீக்கும். இடம் போதாவிட்டால் பாதியில் நிற்கும். ஆகவே ஒவ்வொரு மவுண்ட்டிலும் (இணைத்துள்ள கோப்பு முறைமை) பயனருக்கு ஒரு தொட்டி வேண்டும், அனுமதி 700 (உரிமையாளர் மட்டுமே திறக்கலாம்). பூட்டிய அடைவுக்குள் இருந்ததால் மட்டும் மறைவாயிருந்த கோப்பு, திறந்த தொட்டிக்கு வந்தால் எல்லோர் கண்ணிலும் படும்.

ஒரே பெயரில் இரண்டு கோப்புகள் வரும். அதற்காகப் பெயரின் வாலில் நேரத்தை ஒட்டாதீர்கள். எக்ஸ்ட்4 என்ற கோப்பு முறைமையில் ஒரு பெயருக்கு 255 பைட்தான்; யுடிஎஃப்-8 எழுத்துக் குறியாக்கத்தில் 'கொ' என்ற ஓரெழுத்தே 6 பைட். நீண்ட தமிழ்ப் பெயர்கள் அங்கேதான் உடையும். மோதாத புதுப் பெயர் தரும் எம்கேடெம்ப் கட்டளை கொண்டு ஒவ்வொரு அழிப்புக்கும் தனி அடைவு உருவாக்கி, பழைய பெயரிலேயே உள்ளே வையுங்கள். பழைய முழுப் பாதையை அதன் அருகில் ஒரு குறிப்புக் கோப்பில், நகர்த்துவதற்கு முன்பே எழுதுங்கள். பாதையைக் கண்டறியத் தாய் அடைவுக்கு மட்டும், முழுப் பாதையைத் தரும் ரியல்பாத் கட்டளை போதும். கோப்புக்கே போட்டால் சிம்லிங்க் (குறுக்குவழிக் கோப்பு) சுட்டும் வேறொரு கோப்பின் பாதை பதிவாகிவிடும். பயனர் தட்டிய பெயர்களைத் தாங்கும் "$@" மேற்கோளுக்குள் இருக்கட்டும், பெயர்களுக்கு முன் -- வேண்டும்; இல்லாவிட்டால் இடைவெளியுள்ள பெயர் இரண்டாகும், கோடில் தொடங்கும் பெயர் கட்டளைக்கான விருப்பத்தேர்வாகிவிடும்.

அதிகம் ஏமாற்றுவது தொட்டியைக் காலிசெய்ய, குறித்த நேரத்தில் தானே ஓடும் கிரான் வரிதான். தொட்டியிலுள்ள கோப்புகளை ஃபைண்ட் கட்டளை மூலம் எம்டைம் +30 (30 நாளுக்கு மேல் பழையது) என்று தேடி நீக்குவார்கள். எம்டைம் என்பது உள்ளடக்கம் கடைசியாக மாறிய நேரம். நகர்த்தினால் அது மாறாது. சென்ற ஆண்டு திருத்திய கோப்பை இன்று மாலை தொட்டியில் போட்டால் இன்றிரவே நிரந்தரமாகப் போய்விடும். மீட்கவே முடியாத அந்தக் கோப்புகள்தான் பெரும்பாலும் பழைய, மதிப்புள்ள கோப்புகள். குறிப்புக் கோப்பின் எம்டைமைப் பாருங்கள். அது அழித்த நேரத்தில் பிறந்தது.

மீட்கும்போது அதே இடத்தில் புதிய கோப்பு இருந்தால் மேலெழுதாமல் நிற்க வேண்டும்.

எழுத நேரமில்லாதவர்கள் இதே வேலையைச் செய்யும் டிராஷ்-சிஎல்ஐ கருவியை நிறுவலாம். அதன் கையேடும் ஆர்எம்முக்கு ஏலியஸாக அதை வைக்க வேண்டாம் என்றே சொல்கிறது. எப்படியானாலும், தொட்டியில் கிடப்பது பயனரின் கோட்டாவில்தான் (அவருக்கு ஒதுக்கிய இட வரம்பு) சேரும் என்பதை முதல் நாளே அவர்களுக்குச் சொல்லிவிடுங்கள்.