இரண்டாவது கணினி

அன்புள்ள நண்பா,

உன் கடிதத்துக்குப் பதில் எழுதத் தாமதமாகிவிட்டது. லாக் கோப்புகளை, அதாவது கணினி தன் வேலைகளைக் குறித்து வைக்கும் கோப்புகளை, சலித்தெடுக்கும் அந்தச் சின்ன சி மொழி நிரலை இன்னும் கட்டிக்கொண்டு அழுகிறேன் என்றால் சிரிப்பாய். போன மாதம் அதில் ஒரு வேடிக்கையான பிழை சிக்கியது.

இன்டெல் கணினிகளில் ஒழுங்காக ஓடிக்கொண்டிருந்த நிரல். யாரோ ஒருவர் லினக்ஸ் போட்ட, ஏஆர்எம் என்ற வேறு வகைச் சிப் உள்ள போர்டில் ஓட்டியிருக்கிறார், நிற்காமல் சுற்றிக்கொண்டே இருந்ததாம். புதிதாகச் சேர்ந்த ஒருவர் அனுப்பிய பேட்ச், அதாவது நிரல் திருத்தம்தான் காரணம். உள்ளீட்டை ஒவ்வொரு பைட்டாகப் படித்துத் தரும் கெட்சார் தருவதை, பெரிய எண் கொள்ளும் இன்ட் மாறியில் வாங்காமல் ஒரே பைட் கொள்ளும் சார் மாறியில் வாங்கியிருந்தார். கோப்பு முடிந்தால் அது −1 தரும். இன்டெல் லினக்ஸில் சார் கூட்டல்-கழித்தல் குறியோடு வருவதால் −1 அப்படியே இருக்கும். ஏஆர்எம் லினக்ஸில் குறி கிடையாது, −1 உள்ளே போய் 255 ஆகிவிடும். அப்புறம் −1க்காகக் காத்திருக்கும் லூப் எங்கே முடிவது? ஆனால் இன்டெல்லிலும் அது சரியாக இருந்ததில்லை. கோப்பின் நடுவில் 255 என்ற பைட் வந்தால், முடிந்துவிட்டது என்று சத்தமில்லாமல் நின்றிருக்கும். சார் என்ற ஒரே சொல்லை இன்ட் என்று மாற்றியதும் இரண்டும் சரியாகிவிட்டன. ஏஆர்எம் போர்டு இல்லையென்றால் இது வெளியே வந்தே இருக்காது.

நீ எழுதியிருந்தாய், எல்லாக் கணினியிலும் ஓட வேண்டும் என்று கிளம்பினால் நிரல் குப்பையாகிவிடும் என்று. அதில் பாதிதான் உண்மை. 2014இல் ஹார்ட்பிளீட் என்ற பாதுகாப்பு ஓட்டை வெளியே வந்தபோது, அது இருந்த ஓப்பன்எஸ்எஸ்எல் என்ற மறையாக்க நூலகத்தைத் திறந்து பார்த்தவர்கள் நொந்துபோனது நினைவிருக்கிறதா? சில கணினிகளில் நினைவகம் ஒதுக்கித் தரும் மால்லாக் மெதுவாக இருக்கிறது என்பதற்காக அதற்குள் தனியாக ஒரு நினைவக ஏற்பாடு வைத்திருந்தார்கள். ஓப்பன்பிஎஸ்டி என்ற இயங்குதளத்தின் மால்லாக்கில் இருந்த பாதுகாப்புகளுக்கு அதனால் வேலையே இல்லாமல் போனது. எங்கோ இருந்த ஒரு மட்டமான கணினிக்காக எல்லோரும் மட்டமானதையே சுமந்தார்கள். ஓப்பன்எஸ்எஸ்எல்லிலிருந்து பிரிந்த லிப்ரெஎஸ்எஸ்எல் வேறு வழியில் போனது. வழக்கமான சி நூலகமும், யூனிக்ஸ் வகைக் கணினிகளுக்குப் பொதுவான பாசிக்ஸ் தரமும் இருப்பதாகவே வைத்துக்கொண்டு முதன்மை நிரலை எழுதுவது, ஏதாவது இல்லாத கணினிக்கு மட்டும் அந்த ஃபங்ஷனைத் தனியாக வெளியே எழுதிக் கொடுப்பது. நிரலின் நடுவில், 'இந்தக் கணினி என்றால் இது, அது என்றால் அது' என்று பிரிக்கும் இஃப்டெஃப் காடு வளராது. நான் பார்த்தவரை இதுதான் ஒழுங்கான வழி.

எளிமை என்றால் வரி குறைவு என்று நான் நினைக்கவில்லை. 2000இல் வந்த எஸ்கியூலைட் என்ற சின்ன தரவுத்தள நூலகத்தைப் பார். ஒரே சி கோப்பாகக் கிடைப்பதில் 2 லட்சம் வரிகளுக்கு மேல் இருக்கிறது. ஆனால் வெளியிலிருந்து அது கேட்பது சி நூலகத்தின் சில ஃபங்ஷன்கள்தான். அது சேமிக்கும் தரவுத்தளக் கோப்பை எந்த வகைக் கணினிக்கும் அப்படியே எடுத்துப் போகலாம். வெளியே எதை நம்பியிருக்கிறது என்பதைத்தான் நான் எண்ணிப் பார்ப்பேன்.

2024இல் எக்ஸ்இசட் என்ற கோப்புச் சுருக்க நிரலில் கள்ளக் கதவு வைத்த விவகாரம் இப்படி வெளியே நம்பியிருப்பதிலிருந்துதானே வந்தது! தொலைவிலிருந்து கணினிக்குள் நுழைய உதவும் ஓப்பன்எஸ்எஸ்எச்சுக்கும் கோப்புச் சுருக்கத்துக்கும் என்ன உறவு? சர்வர் எழுந்துவிட்டது என்று, லினக்ஸில் சேவைகளைத் தொடங்கிவைக்கும் சிஸ்டம்டியிடம் சொல்வதற்காகச் சில லினக்ஸ் விநியோகங்கள் அதன் நூலகமான லிப்சிஸ்டம்டியை ஓப்பன்எஸ்எஸ்எச்சோடு இணைத்தன. அது எக்ஸ்இசட்டின் நூலகமான லிப்எல்இசட்எம்ஏவை இழுத்து வந்தது. சொல்ல வேண்டியதோ சாக்கெட்டில் ஒரு சின்னச் செய்தி, சில வரிகளில் நாமே எழுதிவிடலாம். லாகின் அரை நொடி தாமதமாகிறதே என்று ஆண்ட்ரெஸ் ஃப்ராய்ண்ட் என்ற நிரலாளர் குடைந்து கள்ளக் கதவைக் கண்டுபிடிக்காமல் விட்டிருந்தால் என்னவாகியிருக்குமோ.

சரி, உன் கேள்விக்கு வருகிறேன். நிரலைத் தொகுத்துத் தரும் புதிய பில்டு கருவிக்கு மாறலாமா என்று கேட்டிருந்தாய். உன்னிடம் இருப்பதே பத்துப் பதினைந்து சி கோப்புகள். மேக் என்ற பழைய பில்டு கருவிக்கான ஒரு மேக்ஃபைல் போதும், அதுவும் அதன் ஒரு வகையான ஜிஎன்யு மேக்குக்கே உரிய தந்திரங்கள் இல்லாமல். அதை விட அவசரமான வேலை ஒன்று இருக்கிறது. பல மதிப்புகளைச் சேர்த்துக் கட்டிய ஸ்ட்ரக்ட்டை நினைவகத்தில் உள்ளபடியே கோப்பில் கொட்டுகிறாயே, அதை நிறுத்து. கம்பைலர் இடையில் விடும் வெற்றிடமும் பைட் வரிசையும் சேர்ந்து கோப்புக்குள் போய்விடுகின்றன. ஒவ்வொரு எண்ணையும் பைட் பைட்டாக, நீ வைத்த வரிசையில் எழுது. மாற்றியதும் ஒரு மாதிரிக் கோப்பையும் சேர்த்து அனுப்பு. என்னிடம் எண்ணின் பெரிய பைட்டை முதலில் வைக்கும் பிக் எண்டியன் பழைய கணினி ஒன்று இன்னும் உயிரோடு இருக்கிறது, அதில் திறந்து பார்த்துச் சொல்கிறேன்.

அன்புடன்,
உன் பழைய நண்பன்