சாக்பீஸ் கோடு

அன்பு மாப்ளே,

கடிதம் வந்தது. முட்டிவலித் தைலத்தைத் தேய்த்த கையோடு எழுதியிருக்கிறாய், தாளெல்லாம் எண்ணெய். இங்கே கோட்டை மாரியம்மன் ஆடித் திருவிழா முடிந்து, சேலம் இப்போதுதான் அடங்கியிருக்கிறது.

'பணியிட ஆன்மிகம்' என்று திட்டம் எழுதும் பொறுப்பை உன் தலையில் கட்டிவிட்டார்களாமே! எங்கள் நூல் மில்லிலும் அந்தக் கூத்து நடந்தது. ஷிப்டுக்கு அரை மணி முன்னால் தியானம், அதற்கு வருகைப் பதிவேடு வேறு. ஹாலில் சாமி படம் மாட்டியதால் மெஷின் பழுது பார்க்கும் ஃபிட்டர் பாய் வாசலோடு நின்றுவிட்டார். உள்ளே போனவர்கள் கண்ணை மூடியதும் குறட்டை. மூன்று மாதத்தில் அங்கே நூல் கோன் பெட்டிகளை அடுக்கிவிட்டோம்.

2000-இல் ஆஷ்மோஸ், டூஷன் என்ற இரண்டு ஆய்வாளர்கள் இந்தப் பணியிட ஆன்மிகத்தைப் பற்றி ஒரு கட்டுரை எழுதினார்கள். ஆளுக்கு உள்வாழ்வு என்று ஒன்று உண்டு, அர்த்தமுள்ள வேலைதான் அதற்குத் தீனி, நாலு பேரோடு சேர்ந்திருக்கும்போதுதான் அது நடக்கும் என்கிறார்கள். அதற்கும் முன்பே, 1990-இல், வில்லியம் கான் என்பவர் ஒரு கோடை முகாமிலும் ஒரு கட்டடக்கலை நிறுவனத்திலும் ஆராய்ந்துவிட்டு, மனசு ஒட்டி வேலை செய்ய மூன்று வேண்டும் என்றார்: வேலையில் அர்த்தம், வாய் திறந்தால் வம்பு வராது என்ற தைரியம், உடம்பிலும் மனசிலும் தெம்பு. குறட்டைக்குக் காரணம் அந்த மூன்றாவது. இரண்டாவதை எனக்குப் புரியவைத்தது எங்கள் சைடர் அக்கா ஒருவர், நூற்கும் மெஷினைப் பார்த்துக்கொள்பவர்.

ரிங் பிரேம் என்கிற அந்த மெஷினில், ஸ்பிண்டில் என்னும் சுழலும் கதிர் ஒன்றில் நூல் அறுந்தால், நாம் பார்ப்பதற்குள் பீசிங் போட்டு ஒட்டிவிடுவார். தலையெல்லாம் பஞ்சு. மெஷினை 'என் பிரேம்' என்பார். ஆயுத பூஜைக்கு அதற்குச் சந்தனம் வைப்பதும் அவர்தான். ஒரு நாள் கேண்டீனில் பக்கத்தில் உட்கார்ந்து டீயை ஆற்றிக்கொண்டே, "சார், அறுந்த ஸ்பிண்டிலே திரும்பத் திரும்ப அறுதுங்க. அறும்போதெல்லாம் சாக்பீஸ்ல ஒரு கோடு போட்டு வைக்கட்டுங்களா?" என்றார்.

அவ்வளவுதான். மூன்று கோடு விழுந்த ஸ்பிண்டிலை மட்டும் பாய் போய்ப் பார்த்தார். ஒன்றில் நூல் ஓடும் சின்னக் கம்பி வளையமான டிராவலர் தேய்ந்திருந்தது, இன்னொன்றில் ஸ்பிண்டிலைச் சுழற்றும் டேப் தளர்ந்திருந்தது. நூல் அறுவது கண்கூடாகக் குறைந்தது.

"இவ்வளவு நாள் ஏன் சொல்லலை?" என்று கேட்டேன். நாலு வருஷமாக மனசில் இருந்ததாம். "பழைய மேஸ்திரி, 'நூலைப் போடு, வாயைப் போடாதே'ம்பாருங்க." கேட்டுக்குப் பக்கத்தில் யோசனைப் பெட்டி ஒன்று தொங்குகிறது. திறந்தால் மிட்டாய்க் காகிதம்.

சரி, ஐப்பசியில் வா, ஏற்காடு போவோம். 20 கொண்டை ஊசி வளைவையும் பஸ்தான் ஏறப்போகிறது, உன் முட்டி இல்லை. திட்டத்தை எழுதி முடித்ததும் எனக்கும் ஒரு நகல் அனுப்பு, வருகைப் பதிவேடு பக்கத்தைக் கிழித்துவிட்டு.

அன்புடன்,
உன் சேலத்துக்காரன்