பேரனின் ஆபரேஷனுக்கு முன்

அன்புள்ள முருகேசா,

உன் கடிதம் வந்தது. வீட்டு வேலை ஒருவழியாக முடிந்ததில் எங்கள் இருவருக்கும் சந்தோஷம். இங்கே எல்லோரும் சுகம். நான் இன்னும் மயக்க டாக்டராக ஆபரேஷன் தியேட்டருக்குப் போய்க்கொண்டுதான் இருக்கிறேன்.

உன் பெரிய மகளின் பையனுக்குக் குதிகாலில் செய்யப்போவது சின்ன ஆபரேஷன்தான் என்று சர்ஜன் சொன்னதாக எழுதியிருந்தாய். வெட்டு சின்னதுதான். ஆனால் டுஷென் தசைநோய் உள்ள பையனுக்கு மயக்கம் கொடுப்பது பெரிய விஷயம்.

தசைச் செல்லின் உறையைத் தாங்கும் டிஸ்ட்ரோஃபின் புரதம் அவனுக்கு இல்லை. தசையைத் தளர்த்த நாங்கள் போடும், ஸ்கோலின் என்று சொல்லும் சக்ஸமெதோனியம் ஊசியைப் போட்டால் தசை சிதைந்து, பொட்டாசியம் ரத்தத்தில் கொட்டும். சில நிமிடத்தில் இதயம் நின்றுவிடலாம். செவோஃப்ளூரேன் போன்ற மயக்க வாயுக்களும் தசையைச் சிதைக்கக்கூடும். அதனால் இரண்டையும் தவிர்த்து, புரொபொஃபால் போன்ற மருந்தை ரத்தக்குழாய் வழியே கொடுத்துத் தூங்க வைப்போம். மயக்க டாக்டரை முந்தின நாள் ராத்திரி பார்த்தால் போதாது. இப்போதே நேரில் பார்த்து நோயின் பெயரைச் சொல்லுங்கள். இதயத்துக்கான எக்கோ ஸ்கேனும் மூச்சுத் திறன் சோதனையும் புதிதாக எடுத்திருக்க வேண்டும். அவன் ஸ்டீராய்டு சாப்பிடுகிறான் அல்லவா, அதையும் மறக்காமல் சொல்லுங்கள், அன்றைக்குக் கூடுதல் டோஸ் தேவைப்படும். மயக்கம் தெளிந்த பிறகுதான் மூச்சு தடுமாறும், ஆகவே குழந்தைகள் ஐசியூ உள்ள இடமாக இருக்கட்டும்.

அப்புறம், என் மனதை அதிகம் அரிப்பது உன் சின்ன மகளின் பையன். அவனுக்கு டான்சில் ஆபரேஷன் என்றாயே. இந்தக் குறை எக்ஸ் குரோமோசோமில் இருப்பது, தாய்வழியில் வரும். மூன்றில் ஒரு பங்கு புதிதாகவே ஏற்படுவதால் அவனுக்கு ஒன்றும் இல்லாமலே இருக்கலாம். ஆனால் நன்றாக ஓடியாடிய பையன்கள், நோய் இருப்பதே தெரியாமல், ஸ்கோலினுக்குப் பிறகு இறந்திருக்கிறார்கள். பெரும்பாலும் எட்டு வயதுக்குள். அதனால்தான் 1990களில் அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு அந்த மருந்துக்குக் கடுமையான எச்சரிக்கை சேர்த்தது.

தசையிலிருந்து ரத்தத்தில் கசியும் நொதியை அளக்க சிபிகே என்று ஒரு ரத்தப் பரிசோதனை உண்டு, சாதாரண லேபிலேயே எடுப்பார்கள். டுஷென் இருந்தால் அளவு பல மடங்கு ஏறியிருக்கும். அவன் தரையிலிருந்து எழும்போது தொடையில் கையூன்றுகிறானா என்றும் கவனிக்கச் சொல், அது தசை பலவீனத்தின் அடையாளம். டான்சில் தேதியைத் தள்ளிப்போட்டாலும் பரவாயில்லை. இன்றே மகளிடம் பேசு, ரிசல்ட் வந்ததும் எனக்கு வாட்ஸ்அப்பில் அனுப்பு. பெரியவனின் மயக்க டாக்டர் என்னோடு பேச விரும்பினால், எந்த நேரமானாலும் என் நம்பரைக் கொடு.

அன்புடன்,
சுந்தரம்