நாடக வாசிப்பு வட்டம்: செயலாளரின் ஆண்டறிக்கை

தலைவர் அவர்களுக்கும் பொதுக்குழு உறுப்பினர்களுக்கும் வணக்கம்.

சென்ற பொதுக்குழுவில் முடிவானபடி, முதலாம் ஜேம்ஸ் காலத்து (1603–1625) ஆங்கில நாடகங்களில் பழி, மன்னிப்பு, வெளியாள் ஆகியவற்றை இவ்வாண்டு எடுத்துக்கொண்டோம். ஷேக்ஸ்பியரின் ‘தி மெர்ச்சன்ட் ஆஃப் வெனிஸ்’ ஏன் பட்டியலில் இல்லை என்று சிலர் கேட்டார்கள். அது எலிசபெத் காலத்தில் எழுதியது. ஆனாலும் 1605 பிப்ரவரியில் ஜேம்ஸின் அரண்மனையில் இரு முறை நடிக்கப்பட்டதால் நீதிமன்றக் காட்சியை மட்டும் வாசித்தோம். யூத வட்டிக்காரன் ஷைலாக்குக்குக் காட்டும் கருணையில் கிறிஸ்தவ மதத்துக்கு மாற வேண்டும் என்பதும் ஒரு நிபந்தனை. சட்ட அறிஞர் வேடத்தில் வரும் போர்ஷியாவின் குரலில் இனிமை கூடக் கூட அந்த நிபந்தனை காதில் விழாமல் போகிறது.

அதிக நேரம் எடுத்தது ‘தி ரிவெஞ்சர்ஸ் டிராஜெடி’. 1607இல் ஆசிரியர் பெயரில்லாமல் அச்சானது. நெடுங்காலம் சிரில் டூர்னர் கணக்கில் இருந்து, இன்று பெரும்பாலும் தாமஸ் மிடில்டன் கணக்கில் இருக்கிறது. பிரபு விஷம் வைத்துக் கொன்ற தன் காதலியின் மண்டையோட்டுக்கு ஒன்பது ஆண்டுகள் கழித்து நாயகன் விண்டிச்சே பெண் வேடம் கட்டுகிறான். வாயில் விஷம் தடவி, அதே பிரபுவை முத்தமிட வைக்கிறான். மண்டையோட்டைக் காகிதக்கூழில் செய்தால் கை வலிக்காது. கீழ்த்தாடையைக் கம்பியால் இறுக்கிக் கட்டவும். ஆடினால் அவையோர் சிரிப்பார்கள். முகமூடியும் தலையலங்காரமும் முதலிலேயே பொருத்தியிருக்க வேண்டும், மேடையில் கட்டத் தொடங்கினால் முடிச்சு விழாது. விளக்கைப் பக்கவாட்டில் தாழ்த்தி வையுங்கள். பிரபு ஏமாறுவதை நம்ப வைப்பது அந்த அரையிருட்டுதான்.

இதே நாடகத்தின் கடைசி முகமூடி நடனத்துக்கு ஆள் கணக்குப் பார்த்துக்கொள்வது நல்லது. விருந்து மேசையில் நால்வர், ஆடி வந்து அவர்களைக் குத்தும் நால்வர், அதே உடையில் பின்னால் வரும் வேறு நால்வர். முதல் நால்வர் பிணமாக மேடையிலேயே கிடப்பதால் அவர்களுக்கு இரட்டை வேடம் தர முடியாது. பன்னிருவர் இல்லாவிட்டால் இந்தக் காட்சியைத் தொட வேண்டாம் என்பது நிர்வாகக் குழுவின் கருத்து.

வெப்ஸ்டரின் ‘தி டச்சஸ் ஆஃப் மால்ஃபி’ மெழுகுவர்த்தி வெளிச்சத்தில் நடிக்கும் பிளாக்ஃப்ரையர்ஸ் உள்ளரங்கிலும் ஆடப்பட்டது. ஃபெர்டினாண்ட் விளக்குகளை அகற்றச் சொல்லித் தன் இரட்டைச் சகோதரியான டச்சஸிடம் பிணக்கையை நீட்டும் இடத்துக்கு அதுவே பொருத்தம். பொசோலா இதில் சரியான வெளியாள்: முன்பு கப்பலில் துடுப்பு வலித்த கைதி, பிறகு கூலிக்கு உளவாளி. மனம் மாறிய பின்பும், தான் காப்பாற்ற நினைத்த, டச்சஸின் கணவன் அன்டோனியோவையே இருட்டில் குத்திவிடுகிறான். இங்கே பொசோலாவை அழவிடாதீர்கள். அவசரத்தில் நடந்த தவறாகவே வாசித்தால் போதும்.

மன்னிப்புக் காட்சிகளில்தான் நம் வாசிப்பு அடிக்கடி தடுமாறியது. ‘மெஷர் ஃபார் மெஷர்’ முடிவில், சகோதரன் இறந்துவிட்டான் என்று நம்பும் நிலையிலேயே இசபெல்லா, அவனுக்கு மரண தண்டனை விதித்த ஏஞ்சலோவுக்காக மண்டியிடுகிறாள். ஆனால் டியூக் அவளை மணம் கேட்கும்போது பதிலாக ஒரு வரிகூட இல்லை. ‘தி டெம்பெஸ்ட்’டில் பிராஸ்பரோ தன் ஆட்சியைப் பறித்த தம்பி அன்டோனியோவை மன்னிக்கிறார், தம்பி அண்ணனிடம் எதுவும் சொல்வதில்லை. அதன்பின் அவன் வாய் திறப்பது பிராஸ்பரோவின் அடிமை காலிபனைப் பார்த்து, மீன், சந்தையில் விலைபோகும் என்று கேலி பேச மட்டுமே. தலையசைப்பு, கண்ணீர், கைகூப்பு எனப் பலர் அந்த மௌனங்களை நிரப்பப் பார்த்தார்கள். நூலில் இல்லாத சமாதானத்தை நாம் செய்து வைக்க வேண்டியதில்லை. பிராஸ்பரோ பேசி முடித்ததும் அன்டோனியோவாக வாசிப்பவர் மூன்று வரை மனத்துக்குள் எண்ணிவிட்டு, அசையாமல் இருக்கட்டும்.

வரும் ஆண்டுக்கு 1611இல் அச்சான ‘தி ஏதீயிஸ்ட்ஸ் டிராஜெடி’ முன்மொழியப்படுகிறது. கொலையுண்ட தந்தையின் ஆவியே மகனிடம், பழியை இறைவனிடம் விட்டுவிடு என்கிறது. கொலைகாரன் டி’ஆம்வில் அந்த மகனின் தலையை வெட்டக் கோடரியை ஓங்கித் தன் மண்டையையே பிளந்துகொள்கிறான். கோடரி அட்டையில்தான் இருக்க வேண்டும். மரத்தில் செய்தாலும் ஓங்கும் வேகத்தில் அடிபடும்.

வரவு செலவைப் பொருளாளர் தனியே வாசிப்பார். இவ்வறிக்கையை ஏற்று நிறைவேற்றித் தருமாறு பொதுக்குழுவைக் கேட்டுக்கொள்கிறேன்.

செயலாளர்