வாசகசாலை மீன்தொட்டி: நன்கொடை வேண்டுகோள்

அன்புடையீர்,

வணக்கம். தருமபுரி குமாரசாமிப்பேட்டையில் உள்ள நம் வாசகசாலையின் வாசலுக்கு இடப்புறம் ஓர் இரண்டடிக் கண்ணாடித் தொட்டி இருப்பதைப் பார்த்திருப்பீர்கள். இப்போது அதில் பழைய நாளிதழ்கள் கிடக்கின்றன. இரண்டாண்டுகளுக்கு முன் அதில் மீன்கள் இருந்தன. அவை ஒன்பது நாள்தான் இருந்தன.

அந்தக் கதையை மறைத்துவிட்டு உங்களிடம் பணம் கேட்பது முறையல்ல. ஒரு நல்ல மனிதர் தொட்டியை வாங்கித் தந்தார். காலையில் தண்ணீர் ஊற்றினோம், மாலையில் இருபது மீன்களை விட்டோம், எல்லாரும் கைதட்டினோம். இரவு எட்டு மணிக்கு வாசகசாலையைப் பூட்டும்போது வழக்கம்போல் மெயின் சுவிட்சையும் அணைத்தோம். வடிகட்டி நின்றது. ஒவ்வோர் இரவும் இப்படியே நின்றது. ஐந்தாம் நாள் தண்ணீர் அரிசி களைந்த நீர் போல வெளுத்தது. ஒன்பதாம் நாள், மிஞ்சியிருந்த மீனையும் டீ வடிகட்டியால் எடுத்து வேப்பமரத்தடியில் புதைத்தோம். பக்கத்தில் நின்ற சிறுமி, “பசிச்சு செத்துப்போச்சா?” என்று கேட்டாள். பசியால் சாகவில்லை. தங்கள் கழிவிலிருந்து உண்டான அம்மோனியாவிலேயே செத்தன.

மீன் கழிவும் மிஞ்சிய தீனியும் அம்மோனியாவாகின்றன. ஒருவகை பாக்டீரியா அதை நைட்ரைட்டாகவும், இன்னொரு வகை அதைத் தீங்கு குறைந்த நைட்ரேட்டாகவும் மாற்றும். நைட்ரேட்டைச் செடிகள் உரமாக எடுத்துக்கொள்ளும். இந்த பாக்டீரியாக்கள் வடிகட்டியின் பஞ்சில் போதிய அளவு பெருக நான்கு முதல் ஆறு வாரம் ஆகும். அதற்கு ஓடும் தண்ணீர் ஓயாமல் கிடைக்க வேண்டும். நாங்கள் ஒரு நாளும் பொறுக்கவில்லை, ஓர் இரவும் தண்ணீரை ஓடவிடவில்லை.

இம்முறை மூன்றடி நீளம், ஒன்றரை அடி அகலம், ஒன்றரை அடி உயரத்தில் புதிய தொட்டி அமைக்கிறோம். ஏறத்தாழ 170 லிட்டர் தண்ணீர் பிடிக்கும். மணலும் கல்லும் சேர்ந்தால் எடை கால் டன்னை நெருங்கும் என்பதால் இரும்புத் தாங்கி செய்கிறோம். மெயின் சுவிட்சோடு சேராத தனி மின்இணைப்பு வரும். மின்தடை நேரத்துக்கு பேட்டரியில் ஓடும் காற்று பம்பு இருக்கும். முதலில் செடிகளை நடுவோம். தண்ணீரைச் சோதித்து அம்மோனியாவும் நைட்ரைட்டும் சுழியத்துக்கு வந்த பிறகே மீன் வரும். அதுவரை வெறும் செடித் தொட்டியைத்தான் பார்ப்பீர்கள். “மீன் எங்கே?” என்று கேட்டு எங்களை அவசரப்படுத்தாதீர்கள்.

நியான் டெட்ரா வேண்டும் என்று சிலர் விரும்பினார்கள். அழகான மீன்தான். ஆனால் அது அமேசான் பகுதியின் மென்மையான, சுண்ணாம்புச் சத்து குறைந்த நீரைச் சேர்ந்தது. நம் ஊர் ஆழ்துளைக் கிணற்று நீர் எப்படிப்பட்டது என்பதை வெந்நீர்ப் பாத்திரத்தின் அடியில் படிந்த வெள்ளையே சொல்லும். நம் மாவட்டத்து நிலத்தடி நீரில் ஃபுளூரைடும் மிகுதி. பல்லில் கறை ஏறாத தண்ணீருக்காகத்தான் ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டமே 2013இல் வந்தது. அந்தக் காவிரி நீரையே தொட்டிக்கும் எடுக்கிறோம். குளோரின் போக்க ஒரு நாள் டிரம்மில் வைத்து, அதற்கான மருந்தும் சேர்ப்போம். குழாய் வராத நாளில் கிணற்று நீர்தான் துணை. கடின நீரைத் தாங்கும் மீன்களாகப் பார்த்தால் கப்பி, பிளாட்டி, வரிக்குதிரை மீன் மூன்றும் போதும். எல்லாம் சேர்த்து முப்பதுக்குள். கப்பியிலும் பிளாட்டியிலும் ஆண் மட்டும்தான். பெண் கப்பி மாதம் ஒருமுறை குட்டி போடும், ஆறு மாதத்தில் தொட்டி சந்தையாகிவிடும்.

செடிகளில் வல்லிஸ்னேரியாவும் வேலம்பாசியும் நம் தண்ணீருக்கு ஒத்துவரும். ஜாவா பெரணியை மண்ணில் புதைத்தால் தண்டு அழுகும், கல்லில் நூலால் கட்ட வேண்டும். அதற்குக் கிருஷ்ணகிரி குவாரிகளின் கருங்கல் துண்டுகளே சிறந்தவை. அவை கரைந்து நீரின் கடினத்தைக் கூட்டுவதில்லை. சுண்ணாம்புக் கல்லாக இருந்தால் எலுமிச்சைச் சாறு விட்டதும் நுரைத்துக் காட்டிக்கொடுத்துவிடும்.

செலவு இது. தொட்டிக்கும் தாங்கிக்கும் ரூ. 12,000, வடிகட்டிக்கு 6,500, எல்.இ.டி. விளக்குக்கு 3,500, மணல், செடி, மீனுக்கு 7,500, சோதனைப் பொருள்கள், காற்று பம்பு, மின்இணைப்புக்கு 3,500. ஆக 33,000. இதோடு ஓராண்டுப் பராமரிப்புக்கு 12,000 சேர்த்து மொத்தம் ரூ. 45,000. தொட்டிக்குக் கொடுக்க ஆள் உண்டு, மாதாமாதம் தீனிக்கும் மின்கட்டணத்துக்கும் கொடுக்கத்தான் ஆள் இல்லை. அதனால் பராமரிப்புத் தொகை முழுவதும் சேராமல் ஒரு மீன்கூட வாங்குவதில்லை என்று முடிவு செய்திருக்கிறோம். குழு உறுப்பினர்கள் 11,500 போட்டிருக்கிறோம். 33,500 தேவை. புத்தகம் வாங்கும் நிதியில் ஒரு ரூபாயும் தொடவில்லை. இதைக் கேட்டவர்கள் பலர் என்பதால் எழுதுகிறோம்.

பணம் தர இயலாதவர்கள் கையைத் தாருங்கள். ஞாயிறுதோறும் இரண்டு பெரிய வாளித் தண்ணீரை மாற்ற வேண்டும். வடிகட்டிப் பஞ்சை, வெளியே எடுத்த அந்தப் பழைய தண்ணீரிலேயே அலச வேண்டும். குழாயடியில் அலசினால் ஒன்றரை மாதம் வளர்த்த பாக்டீரியா குளோரினில் போய்விடும். கண்ணாடிப் பாசியைத் துடைக்கப் பழைய பிளாஸ்டிக் அட்டை ஒன்று போதும். மாதம் ஒரு ஞாயிறு வர இரண்டு பேர் வீதம், நான்கு இணைகள் வேண்டும்.

வீட்டில் வளர்க்க முடியாமல் போன மீனை மட்டும் நன்கொடையாகக் கொண்டுவர வேண்டாம். குறிப்பாக, கண்ணாடியில் ஒட்டும் சக்கர் மீன் ஓரடிக்கு மேல் வளரும், செடியைப் பிடுங்கும். அதைப் பிடமனேரி ஏரியில் விட்டுவிடலாம் என்றும் எண்ணாதீர்கள். ஏரியில் பெருகி நாட்டு மீன்களுக்கு இடமில்லாமல் செய்துவிடும்.

பழைய தொட்டியையும் விற்கவில்லை. புதிதாக வாங்கும் மீன்களை அதில் இரண்டு வாரம் தனியே வைத்து, நோய் இல்லை என்று தெரிந்த பிறகே பெரிய தொட்டிக்கு மாற்றுவோம். உள்ளே கிடக்கும் நாளிதழ்களை எடைக்குப் போட்ட காசும் நிதியில் சேரும்.

நன்கொடையை மாலை ஐந்து முதல் எட்டு மணிக்குள் வாசகசாலை மேசையில் கொடுத்து ரசீது பெற்றுக்கொள்ளுங்கள். பத்து ரூபாயானாலும் ரசீது உண்டு. வரவு செலவுக் கணக்கு ஒவ்வொரு மாத முதல் ஞாயிறும் அறிவிப்புப் பலகையில் ஒட்டப்படும்.

இங்ஙனம்,
மீன்தொட்டி அமைப்புக் குழுவினர்,
குமாரசாமிப்பேட்டை, தருமபுரி.