செயலாளர் ஆண்டறிக்கை, சுங்கை சிப்புட்

தலைவர் அவர்களே, செயலவையினரே, வந்திருக்கும் உறுப்பினர்களே, வணக்கம். வராதவர்களுக்கு இது வாட்ஸ்அப்பில் வரும்.

பொங்கல், தமிழ்ப்பள்ளிப் பரிசளிப்பு, இரத்த தானம், தீபாவளி ஒன்றுகூடல் எல்லாம் வழக்கம்போல் நடந்தேறின.

மண்டபத்துக்குப் பின்னாலுள்ள காய்கறித் தோட்டத்தைப் பற்றிச் சற்று விரித்தே சொல்ல வேண்டும். செயலாளர் பாடம் நடத்தியே தோட்டத்தைக் கெடுத்தார் என்று ஒரு பேச்சு உலவுகிறது.

நான் பேசியது ஹெர்மன் டேலியைப் பற்றி. 1988 முதல் 1994 வரை உலக வங்கியில் இருந்த அமெரிக்கப் பொருளியலாளர் அவர். 1992-இல் எழுதிய கட்டுரையில் மூன்று கேள்விகளைத் தனித்தனியாகப் பிரித்தார். இயற்கை தாங்கும் அளவுக்குள் மொத்தம் எவ்வளவு எடுக்கலாம்? அதில் யாருக்கு எவ்வளவு? எந்தெந்தப் பயனுக்கு? மூன்றாவதற்குத்தான் சந்தை விலை பதில் சொல்லும். முதல் இரண்டையும் மக்கள் கூடித்தான் முடிவு செய்ய வேண்டும். சரக்கை எத்தனை ஒழுங்காக அடுக்கினாலும் சுமை மிஞ்சினால் கப்பல் ஒழுங்காகவே மூழ்கும் என்பது அவர் வாதம். அமெரிக்காவின் 1990 தூய காற்றுச் சட்டத் திருத்தம் இந்த வரிசையில்தான் போனது: மின்நிலையங்கள் விடும் கந்தக டைஆக்சைடுக்கு முதலில் மொத்த வரம்பு, அடுத்து ஒவ்வொரு நிலையத்துக்கும் உரிமப் பங்கு, அதற்கப்புறமே அந்த உரிமங்களை வாங்கல் விற்றல். நம்மூர் துன் சம்பந்தன் 1960-இல் நிலநிதிக் கூட்டுறவுச் சங்கம் தொடங்கியதும், ரப்பர் தோட்டங்கள் துண்டாடி விற்கப்பட்டபோது எழுந்த, யாருக்கு எவ்வளவு என்ற இரண்டாவது கேள்விக்காகத்தான்.

நம் கூரைத் தண்ணீர் விழும் நீலப் பீப்பாய்களுக்கு நான் கேட்டதும் இதே வரிசைதான். உள்ளே ஒரு சிவப்புக் கோடு. அதற்குக் கீழே யாரும் மொள்ளக் கூடாது. பாத்திக்குச் சமமாக இத்தனை வாளி. பிறகு அவரவர் தண்ணீர் முறையை மாற்றிக்கொள்ளட்டும், விற்கட்டும். செயலவை முதலிரண்டையும் தள்ளிவைத்துவிட்டு மூன்றாவதை மட்டும் நிறைவேற்றியது! வெயில் மாதத்தில் காசுள்ளவர்கள் முறைகளை வாங்கிப் பயற்றங்காய்க்கு ஊற்றினார்கள். மாலையில் வந்த பாட்டிமார் போத்தலைப் பீப்பாயின் அடியில் சுரண்டினார்கள். அவர்களுடைய வெண்டை காய்ந்தது. பாடம் நடத்தியதாலா இது?

வரவு செலவைப் பொருளாளர் வாசிப்பார். கூரைப் பழுது போகக் கையிருப்பு ஓரளவு உண்டு. பாதிப்பேருக்கு மேல் சந்தா பாக்கி; நாற்காலி இரவல் கேட்பதில் மட்டும் அவர்கள் முந்திக்கொள்கிறார்கள்.

மண்டபத்தைப் பெருக்கிய இளைஞர்களுக்கும் உணவளித்த மாதர் பிரிவுக்கும் நன்றி.

அடுத்த ஆண்டும் தொடர உடல்நிலை இடந்தராது. ஆனாலும் சொந்தக் காசில் வாங்கிய சிவப்புப் பெயிண்ட் அலுவலக அலமாரியில் இருக்கிறது. கோடு போட இன்று தீர்மானம் வந்தால், உடல்நிலையைப் பார்த்துக்கொள்ளலாம். ரசீதுப் புத்தகமும் கையோடு இருக்கிறது.

இவண்,
செயலாளர்